செத்தவர் பேசக் கூடாது

பக்கிரிசாமி: ...கழுத்துக்குள்ள எறங்கிருச்சு தம்பி. இப்ப முதுகுல ஊருது.

குகன்: பேசாதீங்க அண்ணே. நீங்க செத்துட்டீங்க.

பக்கிரிசாமி: செத்தவனையும் எறும்பு கடிக்கும்லா.

குகன்: கடிக்கும். ஆனா அவரு கம்ப்ளைன் பண்ண மாட்டாரு.

ஜனகா: ஒரு நிமிஷம்... ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள்ள எறும்பு எப்படி வந்துச்சு?

குகன்: அது வந்து மேடம்... இரத்தம்.

ஜனகா: இரத்தமா?

குகன்: வெள்ள ஒத்திகை டிரில்லுன்னா அடிபட்டவர் மாதிரி இருக்கணும்ல? கேன்டீன்ல ரோஸ் சிராப் மிச்சம் இருந்துச்சு. அண்ணன் தலையில ஊத்திட்டோம்.

பக்கிரிசாமி: பாலும் கலந்திருக்கு. நக்கிப் பார்த்தேன்.

ஜனகா: உங்க கழுத்துல தொங்குறது கறுப்பு அட்டை அங்கிள். கறுப்புன்னா செத்தவர். செத்தவருக்கு எதுக்கு இவ்வளவு சிராப்?

பக்கிரிசாமி: மொதல்ல சிவப்பு அட்டைதான் குடுத்தாங்க மேடம். சீரியஸ் கேஸ். ஸ்ட்ரெச்சர்ல போட்டுட்டு எல்லாரும் ஃபோட்டோ எடுக்கப் போயிட்டாங்க. திரும்பி வந்து பார்த்து, 'ரொம்ப நேரம் ஆயிருச்சு, இவரைச் செத்ததா வச்சுக்குவோம்'னு அட்டையை மாத்திட்டாங்க.

குகன்: அண்ணே!

பக்கிரிசாமி: சரி, சரி... செத்துட்டேன்.

ஜனகா: மிஸ்டர் குகன், லைட்டு எப்ப வரும்?

குகன்: இந்தா வந்துரும் மேடம். ஜெனரேட்டர் கொஞ்சம் சூடாகணும்.

ஜனகா: சூடாக அது என்ன தோசைக்கல்லா? கரண்டு போனா மூச்சு விடுறதுக்குள்ள தானா ஓடணும்.

குகன்: பழைய பில்டிங் மேடம்... நிதானமா ஓடும்.

ஜனகா: வெள்ளம் வந்தா, நெருப்பு வந்தா, இந்த ஆஸ்பத்திரி தாங்குமான்னு பார்த்து மார்க் போட வந்தவ நான். நீங்க இங்க பில்டிங் மேனேஜர். என்னையே லிஃப்டுல மாட்டி வச்சுட்டு நிதானம்ங்கிறீங்க?

குகன்: தப்பா எடுத்துக்காதீங்க... ஆபத்து நேரத்துல லிஃப்டுல ஏறவே கூடாதுன்னு காலையில எங்களுக்குப் பாடம் எடுத்ததும் நீங்கதான்.

ஜனகா: ...எனக்கு முட்டி வலி.

பக்கிரிசாமி: எனக்கு உசிரே இல்ல. படியில எப்படி எறங்குறது?

குகன்: நாம கீழ எறங்கின பிறகுதான் டிரில்லுக்கு மெயின் சுவிட்சை அணைக்கணும்னு எலக்ட்ரிசியன்கிட்ட சொன்னேன். ரெங்கசாமின்னு பேரு. அவசரக்குடுக்கை. இருங்க, வாக்கி டாக்கியில கூப்பிடுறேன்... ரெங்கசாமி, ரெங்கசாமி, ஓவர்... ரெங்கசாமி...

பக்கிரிசாமி: அவன் வாக்கி டாக்கி கேன்டீன் மேசையில கெடந்துச்சு. டிஷ்யூ பேப்பர் பறக்காம இருக்க மேல வச்சிருந்தான்.

ஜனகா: ஜெனரேட்டர் ஓடலேன்னு தெரிஞ்சா அவரே சுவிட்சைத் திருப்பிப் போட மாட்டாரா?

குகன்: மாட்டான் மேடம். நான் சொல்ற வரைக்கும் தொடாதே, முதலாளி டத்தோவே வந்து கெஞ்சினாலும் தொடாதேன்னு சொல்லியிருக்கேன். வாழ்க்கையில ஒரு தடவை அவன் சொன்ன பேச்சைக் கேப்பான்னா, அது இன்னிக்காத்தான் இருக்கும்.

ஜனகா: உங்க ஃபோன்?

குகன்: ஃபோட்டோ எடுக்க நர்சுகிட்ட குடுத்தேன். உங்களோடது?

ஜனகா: ஹேண்ட்பேக்ல. டத்தோ ரூம்ல... டார்ச் லைட்டாவது இருக்கா?

குகன்: இருக்கு மேடம். இந்தா, எமர்ஜென்சி பெட்டி லிஃப்டுலயே வச்சிருக்கோம்.

ஜனகா: நல்லது. போடுங்க.

குகன்: பேட்டரி இல்ல. நேத்து சுவர்க் கடிகாரம் நின்னுருச்சு. நீங்க வர்ற நேரத்துல கடிகாரம் நின்னா நல்லா இருக்காதுன்னு...

ஜனகா: அப்ப அந்த அலாரம் மணியையாவது அமுத்துங்களேன்.

குகன்: அமுத்தினா கீழ காவலுக்கு நிக்கிற ஜாகாவுக்குக் கேக்கும் மேடம். ஆனா ஜாகா இன்னிக்கி மயக்கமா இருக்காரு.

ஜனகா: ஐயோ, என்ன ஆச்சு?

பக்கிரிசாமி: ஒண்ணும் ஆகல. அவருக்கு மஞ்சள் அட்டை. மயக்கம் போட்ட கேஸ்.

ஜனகா: ...இந்தக் கரண்டு கட்டுல நோயாளிங்க யாரும் மாட்டலையே?

குகன்: இல்ல மேடம், அதுல மட்டும் நான் விளையாட மாட்டேன். ஐ.சி.யூ., ஆபரேஷன் எல்லாம் புது பில்டிங், வேற லைன். இங்க டயாலிசிஸ் வார்டும் ஸ்டோரும்தான். ஞாயித்துக்கிழமை டயாலிசிஸ் கிடையாது. அதனாலதான் இன்னிக்கி வச்சோம்.

பக்கிரிசாமி: இருந்திருந்தா நான் இப்படிச் செத்துப் படுத்திருக்க மாட்டேன். என் வீட்டுக்காரி புனிதா அந்த வார்டுக்குத்தான் வர்றா. வாரத்துக்கு மூணு நாளு.

ஜனகா: அப்படியா அங்கிள்... நீங்களும் இங்கதான் வேலையா?

பக்கிரிசாமி: ஆம்புலன்ஸ் டிரைவர். செத்தவங்களை எவ்வளவோ ஏத்திட்டுப் போயிருக்கேன், படுத்துப் பார்க்கிறது இன்னிக்கித்தான். மேடம் எந்த ஊரு?

ஜனகா: பெட்டாலிங் ஜெயா.

பக்கிரிசாமி: சிலோன்காரங்களா?

ஜனகா: எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

பக்கிரிசாமி: கோவத்துலயும் மரியாதையா பேசுறீங்க. எங்க தாத்தா தண்டவாளம் போட்டாரு. உங்க தாத்தா ஸ்டேஷன்ல நின்னு கொடி காட்டியிருப்பாரு.

ஜனகா: கொடி இல்ல அங்கிள், டிக்கெட் கவுன்டர்... சரி குகன், சும்மா நிக்கிறதுக்குக் கேள்வியாவது கேக்குறேன். நிலநடுக்கம் வந்தா என்ன செய்வீங்க?

குகன்: கிள்ளான்ல நிலநடுக்கமா மேடம்?

ஜனகா: சுமாத்ராவுல வந்தா இங்க ஆடும்லா.

பக்கிரிசாமி: ஒரு தடவை ஆடுச்சு. நர்சுங்க எல்லாம் தலை சுத்துதுன்னு ஒருத்தருக்கொருத்தர் பிரஷர் பார்த்துக்கிட்டாங்க.

ஜனகா: வெள்ளம் வந்தா ஆளுங்க எங்க போய் நிக்கணும்?

குகன்: பின்னால கார் பார்க்ல. பச்சை போர்டு வச்சிருக்கோம்.

ஜனகா: ஆத்தை ஒட்டி இருக்கே, அந்தக் கார் பார்க்கா?

பக்கிரிசாமி: தண்ணி மொதல்ல அங்கதான் வரும் மேடம். அதுவும் போர்டைப் பார்த்துத்தான் வருதோ என்னமோ.

ஜனகா: யாரு தலைமை?

குகன்: மிஸ்டர் லிம்.

ஜனகா: காலையில அவரைப் பார்க்கலையே.

குகன்: அவரு... ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல இருக்காரு. மக வீட்டுல.

பக்கிரிசாமி: ரிட்டையர் ஆகிப் போயிட்டாரு மேடம். வெள்ளம் வந்தா வாட்ஸ்அப்ல தலைமை தாங்குவாரு.

குகன்: செத்தவர் பேசக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது!

பக்கிரிசாமி: என்னமோ போ... ஏன் தம்பி, இன்னும் லைட்டு வரலையே. லோரி போயிருச்சா?

ஜனகா: எந்த லோரி?

குகன்: லோரியா? லோரி எல்லாம் ஒண்ணுமில்ல மேடம். அண்ணனுக்கு வெக்கை தாங்கல, உளர்றாரு.

பக்கிரிசாமி: யாரு, நானா?

குகன்: அண்ணே, உங்க காலைப் புடிக்கிறேன்.

பக்கிரிசாமி: அது கை. விடு.

ஜனகா: குகன்... எந்த லோரி? சொல்லுங்க. இருட்டுதானே? என் மூஞ்சியைக்கூடப் பார்க்க வேணாம்.

குகன்: ஜெனரேட்டர்... லோரி மேல இருக்கு மேடம்.

ஜனகா: ஏன் லோரி மேல இருக்கு?

குகன்: அது எங்களோடது இல்ல.

ஜனகா: பின்ன யாரோடது?

பக்கிரிசாமி: அம்மனோடது.

ஜனகா: எந்த அம்மன்?

பக்கிரிசாமி: எங்க கோயில் அம்மன். இன்னிக்கி சாயங்காலம் ரத ஊர்வலம். ரதத்துக்குப் பின்னாலேயே ஜெனரேட்டர் லோரி போகும்ல, சீரியல் லைட்டுக்கும் உறுமி மேளத்து மைக்குக்கும்... அந்த லோரிதான். மத்தியானம் வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு, அப்புறம் அம்மனுக்கு. நான்தான் கோயில் கமிட்டியில பேசி வாங்கிக் குடுத்தேன்.

ஜனகா: கடவுளே...

பக்கிரிசாமி: அதான் சொன்னேனே, கடவுளோடதுதான்.

ஜனகா: காலையில 'இதுதான் எங்க ஜெனரேட்டர்'னு டத்தோ கையை நீட்டிக் காட்டினாரே!

குகன்: அவரு சொல்லித்தான் வாடகைக்குக் கொண்டாந்தோம். மேல ஆஸ்பத்திரி ஸ்டிக்கர் ஒட்டினோம்.

ஜனகா: உங்க சொந்த ஜெனரேட்டர் எங்க?

குகன்: கீழ, பேஸ்மென்ட்ல. அந்த டிசம்பர் பெருவெள்ளத்துல முழுகிருச்சு. அப்புறம் அது ஓடவே இல்ல.

ஜனகா: அன்னிலேர்ந்து இன்னி வரைக்குமா!

குகன்: வருஷா வருஷம் டத்தோகிட்ட கேட்டேன் மேடம். புதுசு வாங்கி மேல் மாடியில வைக்கணும்னு. ஒரு வருஷம் லாபிக்கு மீன் தொட்டி வாங்கினாரு. அடுத்த வருஷம் பியானோ.

ஜனகா: அந்த பியானோவை யாரு வாசிக்கிறா?

பக்கிரிசாமி: யாரும் வாசிக்கிறதில்ல. மேல ஃபைலை வச்சு எழுதுவாங்க. நல்ல உயரம்.

ஜனகா: அந்த டிசம்பர்ல டயாலிசிஸ் வார்டு என்ன ஆச்சு?

குகன்: ...சமாளிச்சோம்.

பக்கிரிசாமி: என்ன, சமாளிச்சோம்னு சாதாரணமா சொல்ற? மேடம், அன்னிக்கி நான் ஆம்புலன்ஸோட ஷா ஆலம் பக்கம் மாட்டிக்கிட்டேன். ரோடு பூரா தண்ணி. இங்க புனிதா மெஷின்ல. கரண்டு போச்சு. இரத்தம் பாதி உடம்புல, பாதி டியூப்புல... ஃபோன்ல அழுவுறா. நான் ஆம்புலன்ஸ் கூரை மேல ஏறி உக்காந்துக்கிட்டு, உள்ள சைரன் கத்திக்கிட்டே கெடக்குது... ஒரு மனுசனும் வழி விட முடியாது. எல்லாரும் அவங்கவங்க கூரை மேல.

ஜனகா: அப்புறம்?

பக்கிரிசாமி: மெஷின்ல ஒரு கைப்புடி இருக்கும். அதைக் கையால சுத்தித்தான் இரத்தத்தைத் திருப்பி உடம்புக்கு ஏத்தணும். நர்சுங்க பத்தல. இந்தத் தம்பி ஆபீஸ்ல டை கட்டிக்கிட்டு உக்காந்திருந்த ஆளு. ஓடி வந்து புனிதாவுக்குச் சுத்துச்சு. பூரா நேரமும் கெட்ட கெட்ட ஜோக்கா சொல்லுச்சுன்னு அவ இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பா.

ஜனகா: என்ன ஜோக்?

குகன்: ஞாபகம் இல்ல மேடம்.

பக்கிரிசாமி: பொய்யி. எல்லாம் டத்தோவைப் பத்தினது... மேடம், ஒண்ணு கேக்கட்டா? இப்ப நீங்க ஃபெயில் போட்டா என்ன ஆகும்?

ஜனகா: மழைக்காலத்துக்கு முன்னால சொந்த ஜெனரேட்டர் மேல் மாடியில இருக்கணும். இல்லேன்னா டயாலிசிஸ் வார்டைத் தொறக்க விட மாட்டோம்.

பக்கிரிசாமி: அப்ப ஃபெயில் போடாதீங்க.

ஜனகா: அங்கிள்...

பக்கிரிசாமி: கையெடுத்துக் கும்புடுறேன். இருட்டுல தெரியாது, ஆனா கும்புட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். வார்டை மூடினா புனிதா எங்க போவா? கவர்மென்ட்டுல இடம் கிடைக்கிறதுக்குள்ள... பெட்டாலிங் ஜெயா வரைக்கும் ஜாம்ல போயிட்டு வர்ற உடம்பா அவ உடம்பு? செத்துருவா மேடம்.

ஜனகா: நான் பாஸ் போட்டு, மறுபடி தண்ணி வந்தா?

பக்கிரிசாமி: ...அப்ப தம்பி சுத்தும். ஏன் தம்பி, சுத்துவதானே?

குகன்: அண்ணே...

பக்கிரிசாமி: சொல்லேன்.

குகன்: புனிதாக்காவுக்குப் பக்கத்துக் கட்டில்ல யாரு இருந்தாங்கன்னு தெரியுமா?

பக்கிரிசாமி: இராஜம்மா. எப்பவும் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துலதான். பாவம், வெள்ளம் வடிஞ்ச பிறகு காய்ச்சல்ல போயிட்டாங்க.

குகன்: காய்ச்சல்ல இல்ல.

பக்கிரிசாமி: என்ன தம்பி சொல்ற?

குகன்: அவங்களுக்குச் சுத்த கை இல்ல அண்ணே. ஏற்கெனவே தெம்பில்லாத உடம்பு. ஆளு வர்றதுக்குள்ள டியூப்புல இரத்தம் உறைஞ்சு போச்சு... நான் இந்தப் பக்கம் சுத்திக்கிட்டே பார்த்துக்கிட்டு இருந்தேன். இதை விட்டுட்டு அதைப் புடிச்சா இவங்க போயிருவாங்க. புனிதாக்கா தலையைத் திருப்பக் கூடாதுன்னு வாயில வந்ததையெல்லாம் சொன்னேன். அதான் ஜோக்கு.

பக்கிரிசாமி: ...காய்ச்சல்னு சொன்னாங்களே.

குகன்: அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க.

பக்கிரிசாமி: இத்தனை நாளா என்கூட உக்காந்து தே தாரேக் குடிச்சியே தம்பி. ஒரு வார்த்தை சொன்னியா?

குகன்: சொன்னா அடுத்த வாரம் புனிதாக்கா எந்த மனசோட அந்தக் கட்டில்ல வந்து படுப்பாங்க?

ஜனகா: நானும் ஒண்ணு சொல்லணும்... வேணாம், விடுங்க.

பக்கிரிசாமி: சொல்லுங்க மேடம். இங்க ஒருத்தன் செத்துட்டான், இன்னொருத்தனுக்கு வேலை போகப் போகுது. நாங்க யாருகிட்ட போய் சொல்லப் போறோம்?

ஜனகா: அந்த லோரியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு.

குகன்: ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோமே...

ஜனகா: ஸ்டிக்கருக்கு மேல அம்மனோட சூலம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு குகன். முன்னால மாலை, எலுமிச்சம்பழம் வேற. எந்த ஆஸ்பத்திரியில ஜெனரேட்டருக்கு எலுமிச்சம்பழம் கட்டுவாங்க?

பக்கிரிசாமி: ஆயுத பூசைன்னு சொல்லியிருக்கலாம்.

ஜனகா: பார்த்தேன். பார்த்துட்டு, டத்தோ கூடப் பசியாறப் போயி கறி பஃப் தின்னேன். எங்க ஆபீஸ் பெரியவரும் டத்தோவும் ஒண்ணா கோல்ஃப் ஆடுறவங்க. 'சின்னச் சின்ன விஷயத்தைப் பெருசு பண்ணாதே ஜனகா'ன்னு நேத்தே எனக்கு ஃபோன் வந்துருச்சு. கண்ணை மூடிக்கிட்டு பாஸ் போட்டுட்டுப் போயிடலாம்னுதான் இருந்தேன். இப்ப நினைச்சா எனக்கே அசிங்கமா இருக்கு.

குகன்: இப்பவும் அப்படியே போட்டுட்டுப் போயிடலாமே மேடம்?

ஜனகா: எப்படிப் போடுறது? லைட்டு எரிஞ்சிருந்தா அது யாரோட லைட்டுன்னு கேக்காம போயிருப்பேன். எரியவே இல்லையே! டிரில்லைப் பார்க்க தீயணைப்பு பொம்பாக்காரங்க வண்டியோட வந்து கீழ நிக்கிறாங்க. அத்தனை பேரும் பார்த்துக்கிட்டு இருக்கிற இருட்டை எதைப் போட்டு மறைக்கிறது?

பக்கிரிசாமி: எல்லாம் அந்த லோரிக்காரனாலதான்... இருங்க, கீழ டிரில்லுல படுத்திருக்கிற வீரம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேக்குறேன்.

ஜனகா: உங்ககிட்ட ஃபோன் இருக்கா?

பக்கிரிசாமி: இடுப்புல இருக்கு.

குகன்: இவ்வளவு நேரமா ஏண்ணே சொல்லல?

பக்கிரிசாமி: நீதானே செத்தவன் பேசக் கூடாதுன்ன!

குகன்: போடுங்க, போடுங்க.

பக்கிரிசாமி: ஹலோ, வீரம்மா?... நான்தான்... ஆமா, செத்துட்டேன். லிஃப்டுல மாட்டிக்கிட்டோம்... சிரிக்காதே... மார்க் போடுற மேடமும் இங்கதான் இருக்காங்க... நீ கால் ஒடைஞ்ச கேஸ்தானே? எந்திரிச்சு ஓடிப் போயி ரெங்கசாமியை மெயின் சுவிட்சைப் போடச் சொல்லு... நீ சொன்னா கேக்க மாட்டானா? இந்தா, குகன்கிட்ட பேசு.

குகன்: வீரம்மாக்கா, குகன் பேசுறேன். டிரில் முடிஞ்சிருச்சு, நான் சொன்னேன்னு சொல்லிப் போடச் சொல்லுங்க... ஆமா, நானேதான்.

பக்கிரிசாமி: குடு இங்க. வீரம்மா, இன்னொண்ணு... பின்னால லோரி நிக்குதா?... இல்லையா? எப்ப போச்சு?... என்னது, பசியாறுற நேரத்துலயேவா?... சரி, நீ ஓடு... நொண்டாதே, ஓடு!

ஜனகா: என்ன சொல்றாங்க?

பக்கிரிசாமி: நீங்க கறி பஃப் தின்ன நேரத்துலயே லோரி போயிருச்சாம். மத்தியானம்தான் எடுக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன்.

குகன்: டிரைவருக்கு என்ன அவசரமோ...

பக்கிரிசாமி: டிரைவர் என் மச்சான், தம்பி. சொந்தக் கல்யாணத்துக்கே லேட்டா வந்தவன். அவனாவது, சீக்கிரம் போறதாவது! யாரோ போகச் சொல்லித்தான் போயிருக்கான்.

ஜனகா: யாரு சொன்னா போவாரு?

பக்கிரிசாமி: நான் சொன்னா போவான். இல்லேன்னா இங்க கேட் சாவி வச்சிருக்கிற... ஆ, லைட்டு வந்துருச்சு!

ஜனகா: அப்பாடா...

பக்கிரிசாமி: தம்பி... உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?

குகன்: வேர்வை அண்ணே.

பக்கிரிசாமி: வேர்வை கண்ணுலேர்ந்தா வரும்?

ஜனகா: குகன், இங்க பாருங்க. லோரியைப் போகச் சொன்னது யாரு?

குகன்: நான்தான் மேடம், நானே ஸ்டிக்கரைப் பிச்சுட்டு, நானே கேட்டைத் தொறந்து விட்டேன்... லைட்டு எரிஞ்சா நீங்களும் பாஸ்தான் போடுவீங்க, டத்தோவும் புது ஜெனரேட்டர் வாங்க மாட்டாருன்னு தெரியும், லிஃப்டுல நாமளே மாட்டுவோம்னு மட்டும் தெரியல... இந்தா, கீழ வந்துட்டோம், வெளிய டத்தோ நிப்பாரு. கதவு தொறந்ததும் பொம்பாக்காரங்க வரைக்கும் கேக்குற மாதிரி என்னை நல்லா திட்டுங்க, திட்டி முடிச்சு ஃபெயில்னு சொல்றப்ப மட்டும் குரலைக் கொறைச்சுடாதீங்க.